மடுவத்துத் தராசும் மருத்துவத்தின் அளவுகோலும்

ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால், இளஞ்சிவப்பு நாடா அணிந்து ஊர்வலம் போவதும், மார்பகப் புற்றுநோயினின்று மீண்ட பெண்களை மேடையேற்றி ‘நோயை வென்றவர்கள்’ என்று கௌரவிப்பதும், அவர்கள் வாயால் இரண்டு வார்த்தை கேட்டுக் கைதட்டிக் கலைவதும் நம் நாட்டு நகரங்களில் இன்று நன்றாக வேரூன்றிவிட்ட வழக்கம். மார்பில் தோன்றிய கட்டியை நாணத்தினால் மறைத்து மறைத்து, அது புண்ணாகி உடைந்த பிறகே வைத்தியசாலைக்குப் புறப்பட்ட தாய்மாரை நினைவில் வைத்திருப்பவர் எவரும் இவ்வழக்கத்தைப் பழிக்கத் துணியமாட்டார், நானும் பழிக்கவில்லை. ஆனால் அம்மேடைகளிலும், அவற்றுக்கு வெளியே கிளினிக்குகளின் நீண்ட வாங்குகளிலும், சிகிச்சை முடிந்த பெண்ணொருத்தி விரல் மரத்துப்போயிருக்கிறது, கால் தரையில் பாவுவது தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன மாத்திரத்தில், “உயிர் தப்பியதே தெய்வச் செயலல்லவா, இந்தச் சின்ன விஷயத்தைப் பெரிதுபடுத்தலாமா?” என்று படித்தவரும் பாமரரும் ஒரே குரலில் கூறிவிடுகிறார்களே, அந்தச் சமாதானத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஊவாவில் நமுனுகுல மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், கனவரல்ல முதலாக ஸ்பிரிங்வெளி, பசறை, மடுல்சீமை வரையில், விரல்நுனியின் உணர்ச்சி என்பது உயிருக்குப் பிற்பட்ட ஓர் அலங்காரம் அன்று. மீண்ட உயிரை நாளைக்கும் காப்பாற்றிக்கொள்வதற்குரிய சம்பாத்திய சாதனம் அதுவேயாகும்.

மருந்துகளின் பெருமையை மறுப்பதற்கில்லை. லயத்து வாசல்களிலும் கோயில் வளவுகளிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்பட்டு 1963ஆம் ஆண்டு வழக்குக்கு வந்த வின்கிரிஸ்டின், அதற்கு முன்னர் ஏறக்குறையத் தப்பாமல் கொன்றுவந்த குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை, வேறு மருந்துகளோடு சேர்ந்து, பெரும்பாலோர் பிழைக்கும் நோயாக மாற்றியது. பசிபிக் கரையோரத்து யூ மரத்தின் பட்டையிலிருந்து மன்றோ வால் என்பவரும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் பிரித்தெடுத்து 1971இல் அமைப்பை வெளியிட்ட பாக்ளிடாக்செல், பார்னெட் ரோசன்பெர்க்கின் பரிசோதனையில் தற்செயலாக வெளிப்பட்ட பிளாட்டினச் சேர்மமாகிய சிஸ்பிளாட்டின் என்ற இவையெல்லாம் இல்லாத காலத்துக்குத் திரும்புவதற்கு யாரும் சம்மதியார். அரசாங்க வைத்தியசாலைகளில் இவை இலவசமாகக் கிடைப்பதும், மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலை வரையில் போய்க் காத்துக் கிடக்கவேண்டியிருந்த நோயாளி இன்று பதுளையிலேயே கீமோ ஏற்றிக்கொள்ள முடிவதும் நன்றியோடு குறிப்பிடத்தக்கவை.

எனினும் இம்மருந்துகளின் நன்மையும் பாதகமும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு அதனுள்ளே மிக நுண்ணிய குழாய்கள் கூடியும் கலைந்தும் தொழிற்படவேண்டும். வின்கிரிஸ்டின் அக்குழாய்களைக் கூடவிடாமலும், பாக்ளிடாக்செல், 1979இல் சூசன் ஹார்விட்ஸ் என்ற அம்மையார் காட்டியவாறு, கூடியவற்றைக் கலையவிடாமலும் தடுத்துப் புற்றணுவின் பெருக்கத்தை நிறுத்துகின்றன. அதே நுண்குழாய்களே முதுகெலும்பின் அருகிலுள்ள நரம்பணுவிலிருந்து கால்விரல் நுனி வரையில், ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரத்துக்கு, போஷாக்கைச் சுமந்து செல்லும் பாதைகளாகவும் இருக்கின்றன. பாதை கெட்டால், மிக நீண்ட நரம்பின் மிகத் தொலைவான முனை முதலில் நலிகிறது. ஆகையால் முதலில் பாதமும் பிறகு கைவிரல்களும், காலுறையும் கையுறையும் அணிந்த இடமளவுக்கு, எரிந்தும் ஊசி குத்தியும் எறும்பு ஊர்ந்தும் கடைசியில் மரத்தும் போகின்றன. சிஸ்பிளாட்டின் அந்த நரம்பணுவையே நேராகத் தாக்குவது. மருந்தை நிறுத்திய பின்னரும் சில மாதங்கள் வரையில் அதன் பாதகம் வளர்ந்துகொண்டே போகும், செவியில் இரைச்சலையும் உயர்ந்த சுருதிகள் கேளாமையையும் உண்டாக்கும். வெற்றிலையும் புகையிலையும் பழகிய நம் மக்களிடையே மலிந்த வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு கூட்டித் தரப்படுவது பெரும்பாலும் இம்மருந்தே. குடற் புற்றுநோய்க்குரிய ஆக்சாலிபிளாட்டினோ, ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த நீரைத் தொட்டாலே விரல்களில் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற வேதனையைத் தருவது. நமுனுகுலத்தின் விடியற்காலத்தில் பீலித் தண்ணீரைத் தொடாமல் ஒரு குடும்பத்தின் சமையலைத் தொடங்கும் வழியை அறிந்தவர் கூறட்டும்.

இது அபூர்வமான விபத்தும் அன்று. பல ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியான ஒரு கணிப்பின்படி, இத்தகைய மருந்துகளைப் பெற்றவர்களுள் சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் நூற்றுக்கு 68 பேருக்கும், மூன்றாம் மாதத்தில் 60 பேருக்கும், ஆறு மாதம் கடந்த பின்னரும் 30 பேருக்கும் இந்த நரம்புப் பாதிப்பு இருந்தது. பரிகாரமோ மிகச் சொற்பம். அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் 2014இல் வகுத்து 2020இல் புதுப்பித்த வழிகாட்டியில், வலியுள்ள நரம்புப் பாதிப்புக்கு டியூலோக்செட்டின் என்ற ஒரே மருந்துக்குத்தான் சிபாரிசு உண்டு. வராமல் தடுப்பதற்கென்று எந்த மருந்தையும் அது சிபாரிசு செய்யவில்லை. மரத்துப்போன உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவரும் மாத்திரை உலகத்தில் எங்கும் கிடையாது. இழந்ததை மீட்க வழியில்லாத இடத்தில், இழப்பு நேர்ந்துகொண்டிருக்கும்போதே அதைக் கண்டுகொள்வதுதான் வைத்தியம் என்பது சொல்லாமலே விளங்கும். அக்கண்டுகொள்ளுதலை நிகழவிடாமற் செய்யும் ஒரு குறையைப் பற்றியே நெடுங்காலமாக என் மனத்தில் உறுத்தல் இருந்துவருகிறது. அது மருந்தின் குறை அன்று, அளவுகோலின் குறை.

புற்றுநோய்ச் சிகிச்சையின் பாதகங்களை அளப்பதற்கு உலகெங்கும் வழங்கிவருவது, அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவகம் வகுத்த தரப்பட்டியல். அதன் ஐந்தாம் பதிப்பு 2017இல் வந்தது. அதன்படி, மரத்தலும் ஊசி குத்தலும் இலேசாக இருப்பின் முதலாம் தரம். வீட்டு அலுவல்களுக்கு இடையூறு செய்தால் இரண்டாம் தரம். குளிக்கவும் உடுக்கவும் உண்ணவும் இயலாமற் போனால் மூன்றாம் தரம். வீட்டு அலுவல்கள் எவையென்று விளக்குமிடத்தில் அப்பட்டியல் சொல்லும் உதாரணங்கள், சமையல் செய்தல், கடைக்குப் போய்ச் சாமான் வாங்குதல், தொலைபேசியைப் பயன்படுத்துதல், பணத்தை நிர்வகித்தல் என்பன. பிழைப்புக்காக ஒருவர் தம் கைகளால் செய்யும் தொழில் அந்த உதாரணங்களில் ஓரிடத்தும் வரவில்லை. நோயாளியிடமே கேட்டு நிரப்பும்படி ஐரோப்பிய ஆய்வாளர்கள் வகுத்த இருபது கேள்விகள் கொண்ட இன்னொரு பத்திரம் இதனினும் எவ்வளவோ சிரத்தையானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பாதத்தின் கீழ் நிலம் தெரிகிறதா, சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்றெல்லாம் அது வினவுகிறது. ஆயினும், பேனாவைப் பிடித்து எழுத முடிகிறதா, சிறிய பொத்தான்களைப் பூட்ட முடிகிறதா, கார் ஓட்டுபவராயின் மிதிகளை அழுத்த முடிகிறதா என்று அது மேலே கேட்கும்போது, தாம் யாருடைய விரல்களை மனத்தில் வைத்துக் கேள்வி வகுத்தோம் என்பதை அதன் ஆசிரியர்கள் அறியாமலே வெளிப்படுத்திவிடுகிறார்கள்.

கொழுந்தெடுப்பவளின் விரல் செய்யும் காரியம் எத்தகையது என்பதை மலையில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இடையில் படங்கைச் சுற்றி, தலையிலிருந்து கூடையைத் தொங்கவிட்டு, நிரையில் நின்று, பார்வை ஒரு வாதின்மேல் இருக்கும்போதே அடுத்த வாதின் குருத்தையும் அதையடுத்த இரண்டு இலைகளையும் இரண்டு கைகளின் விரல்களும் தாமாகத் தேடி, பிஞ்சுத் தண்டு எது, முற்றிய தண்டு எது என்று கிள்ளும் கணத்திலேயே அறிந்து, முறித்து உள்ளங்கையில் சேர்த்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிகின்றன. இந்த விவேகம் கண்ணில் இல்லை, ஸ்பரிசத்தில் இருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரையில் கச்சான் காற்று வறண்டு வீசி, ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனியொரு கியாதியைத் தேடித்தரும் பருவத்திலோ, கொழுந்து இன்னும் நுட்பமாகத் தெரிந்தெடுக்கப்படவேண்டியிருக்கிறது. உணர்ச்சி மங்கிய விரல் இக்காரியத்தைச் செய்யாமல் விட்டுவிடுவதில்லை. கண்ணின் துணையோடு, மெதுவாக, பிழையாகச் செய்கிறது. முற்றிய இலை கூடைக்குள் விழுகிறது; கங்காணி கடிந்துகொள்கிறார்; பக்கத்து நிரைக்காரி பத்து வாது முன்னே போய்விடுகிறாள். ஆயினும் விரலுணர்ச்சி மங்கியவளால் சோறு சமைக்க முடிகிறது, கடைக்குப் போக முடிகிறது, கைபேசியில் மகனோடு பேச முடிகிறது. ஆகவே மேற்சொன்ன பட்டியலின் உதாரணங்களைக் கொண்டு பார்த்தால் அவளுக்கு நேர்ந்திருப்பது முதலாம் தரப் பாதகம், கவனிக்கவேண்டியதில்லாதது.

ஆனால் அதே பாதகத்தைக் கிராம் பிசகாமல் அளந்து எழுதிவைக்கும் வேறொரு கருவி தோட்டத்தில் இருக்கிறது. அது கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு. (கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் அங்கே கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றித் தொழிலாளருக்குள்ள குறை பழையது, நியாயமானது, அந்த வழக்கை இங்கே இழுக்கவில்லை.) கீமோவுக்கு முன் ஒருத்தி நாளொன்றுக்கு எத்தனை கிலோ கொண்டுவந்தாள், இரண்டாவது தடவை மருந்து ஏறிய பிறகு எத்தனை, சிகிச்சை முடிந்து மலைக்குத் திரும்பிய மாதத்தில் எத்தனை என்பதெல்லாம் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் நாள்வாரியாக இருக்கிறது. நரம்பின் மின்னோட்டத்தை அளக்கும் இயந்திரம்கூடச் சொல்லாத செய்தியை, அதாவது இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இந்த மருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதை, அந்தக் கொப்பி சொல்லுகிறது. அதை எந்த வைத்தியரும் கேட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பார்ப்பவர் கணக்கப்பிள்ளை ஒருவரே. அவர் அதை வியாதியின் அடையாளமாக வாசிப்பதில்லை, சோம்பலின் அடையாளமாக வாசிக்கிறார்.

அவ்வாசிப்பின் பலன் கையோடு கிடைத்துவிடுகிறது. 2021இல் வர்த்தமானியின் மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது உண்மையே. ஆனால் சம்பளம் உயர உயர, முழுப்பேருக்கு, அதாவது முழுநாட் சம்பளத்துக்கு, கொண்டுவரவேண்டிய கிலோவின் அளவும் பல தோட்டங்களில் உயர்த்தப்பட்டது. அந்த அளவை எட்டாதவளுக்கு அரைப்பேர். எட்டிய பிறகு மேலதிகமாகப் பறித்துக் கைக்காசு சம்பாதித்தவளுக்கு அந்த வழியும் அடைபடுகிறது. அரசாங்கம் பணம் வாங்காமல் தந்த சிகிச்சைக்கு அவள் இவ்விதமாக ஆயுள் முழுவதும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள். மேடையில் ‘வென்றவள்’ என்று கைதட்டப்பெற்ற அதே பெண், மறுநாள் மடுவத்தில் அரைப்பேர்க்காரியாக நிற்கும் இந்த முரண்பாட்டை, உயிர் தப்பியது போதாதா என்று கேட்பவர்கள் ஒருநாளாவது நேரில் வந்து பார்க்கவேண்டும்.

பாதங்களின் கதையும் இதுவே. செங்குத்தான சரிவில், மழையில் வழுக்கும் கற்படிகளில், கான்களைத் தாண்டி நடக்கிறவளுக்கு நிலத்தை உணராத பாதம் என்ன பயங்கரம் என்பதை விரிக்கவேண்டியதில்லை. குளிருக்காக அடுப்பருகே நீட்டிய கால் வெந்தது தெரியாமல், கல் குத்திய காயம் சீழ்கட்டும் வரையில் தெரியாமல் போவதற்கு வழி இருக்கிறது. இதில் என்னை மிகவும் வருத்துவது யாதெனில், உணர்ச்சியற்ற பாதத்தைக் காக்கும் வித்தை நமக்குப் புதியதே அல்ல என்பதாகும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போல் பிராண்ட் என்ற அறுவை வைத்தியர், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமையால் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்பதைச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நிலைநாட்டினார். தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும், நீரின் சூட்டை முழங்கையால் அறிவதும், மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு அணிவதும், நைலோன் இழையொன்றால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பதும் அன்றிலிருந்து தொழுநோய்க் கிளினிக்குகளிலும் பின்னர் நீரிழிவுக் கிளினிக்குகளிலும் சாதாரண காரியங்களாகிவிட்டன. அந்த இழையும் அந்தப் போதனையும் கீமோ ஏற்றும் அறைக்குள் மட்டும் ஏன் நுழையவில்லை? அங்கே அவற்றைக் கேட்பாரில்லை. அளவுகோல் கேட்கச் சொல்லவில்லை.

நோயாளி தானே சொல்லலாமே என்பர். அவள் சொல்லுவதில்லை என்பதற்கும், சொன்னாலும் போய்ச் சேருவதில்லை என்பதற்கும் காரணங்கள் உண்டு. “எப்படி அம்மா இருக்கு?” என்று டொக்டர் கேட்டால், “சுகமா இருக்கேங்க ஐயா” என்பதே தோட்டத்துப் பெண் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவைத்த மறுமொழி. கை மரத்திருக்கிறது என்று சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் ஒருபுறம். சிங்களமும் ஆங்கிலமும் வழங்கும் அறையில், யாரோ ஒரு சிற்றூழியரின் மொழிபெயர்ப்பில் தன் உபாதை ஒரு சொல்லாகச் சுருங்கிவிடும் என்ற அனுபவம் மற்றொருபுறம். கேட்பதனால் என்ன பயன் என்று கூறுவோர்க்கு ஒரு சான்று: நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில், ஈதன் பாஷ் என்ற வைத்தியரின் தலைமையில் 766 நோயாளரிடையே நடைபெற்ற ஆய்வொன்றில், தம் உபாதைகளைச் சிகிச்சைக் காலம் முழுதும் தாமே ஒழுங்காகத் தெரிவித்துவந்த பிரிவினர் மற்றவர்களைவிட அதிக காலம் உயிர் வாழ்ந்தார்கள், இடைநிலைக் கணக்கில் 26 மாதங்கள் 31 ஆயின. உயிரா உணர்ச்சியா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவோர் இந்த முடிவைச் சிந்திப்பார்களாக.

உயிர் தப்பியதே போதும் என்னும் சமாதானத்தின் கடைசிக் கோட்டை, மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பும் என்பது. இது அலட்சியம் செய்யத்தக்க வாதம் அன்று. குணப்படுத்தும் நோக்கத்தோடு தரும் மருந்தை மனம்போனபடி குறைப்பது கொலைக்கு ஒப்பானதாக முடியலாம். ஆயினும் நரம்பையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று வைத்திய உலகமே ஒருமுறை தீர்மானித்தபோது என்ன வெளிப்பட்டது? குடற் புற்றுநோயின் மூன்றாம் நிலையில் ஆக்சாலிபிளாட்டினை ஆறு மாதம் கொடுப்பதே நியமமாக இருந்தது. பல நாடுகளில் நடந்த ஆறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதம் பெற்றவர்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு 45 முதல் 48 பேர் வரையில் இரண்டாம் தரமோ அதற்கு மேலோ நரம்புப் பாதிப்பு அடைந்திருக்க, மூன்று மாதம் பெற்றவர்களுள் அது 14 முதல் 17 வரையிலேயே நின்றது. நோயில்லாமல் மூன்றாண்டு கழித்தோரின் தொகையோ முன்னதில் நூற்றுக்கு 75.5, பின்னதில் 74.6. இந்தச் சிறு வித்தியாசத்தையும் புறக்கணிக்கலாகாதென்று அவ்வாய்வாளர் நேர்மையாகச் சொன்னார்கள். ஆயினும் ஆபத்துக் குறைந்த பிரிவினர்க்குப் பாதி மருந்தே போதுமென்ற வழக்கம் அதன் பின்னர் பரவியது. அளந்து பார்க்கும் வரையில் எத்தனையோ ஆயிரம் பேர் தேவைக்கு இருமடங்கான காலம் தம் விரல்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதே இதன் பொருள். மார்பகப் புற்றுநோயிலும், வாரந்தோறும் தரும் பாக்ளிடாக்செல்லுக்கும் மூன்று வாரத்துக்கொருமுறை தரும் டோசிடாக்செல்லுக்கும் நரம்புப் பாதிப்பில் தெளிவான வித்தியாசம் இருக்கிறது. பின்னது நரம்பைக் குறைவாகத் தொடுகிறது, இரத்தத்தின் வெள்ளணுக்களை அதிகமாகத் தாக்குகிறது. எதைத் தெரிந்தெடுப்பது என்ற நியாயமான கேள்வி எழுகிற இடத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவள் பாடசாலை ஆசிரியையா கொழுந்தெடுப்பவளா என்பதை விசாரியாமல் எழுதப்படும் சீட்டு, அறிவியலின் பெயரால் எழுதப்பட்டாலும் குருட்டுச் சீட்டேயாகும்.

கிளினிக்கில் நேரமில்லை என்பார்கள். விடியற்காலை நாலு மணிக்கு லயத்தை விட்டுப் புறப்பட்டு, பதுளைக்கு வந்து, இலக்கம் வாங்கிக் காத்திருக்கும் கூட்டத்தைக் கண்டவர் அதை மறுக்கமாட்டார். நான் கேட்பது இருபது கேள்விப் பத்திரம் அன்று. ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றுவதற்கு முன்னும், “முந்தி எத்தனை கிலோ எடுத்தீங்க? இப்ப எத்தனை?” என்று தமிழ் தெரிந்த ஒரு தாதி கேட்டு, இரண்டு எண்களையும் கிளினிக் கொப்பியில் எழுதினால் போதும், எண்ணைச் சொல்ல நாணம் தேவையில்லை, மொழிபெயர்ப்பாளரும் தேவையில்லை, அவளுக்கு அது மனப்பாடம். இரண்டாவது எண் விழத் தொடங்கும் தடவையிலேயே வைத்தியர் நின்று யோசிக்கவேண்டும். யோசித்த பிறகும் மருந்து தொடரவேண்டியதாயின், அதை அவளிடம் சொல்லித் தொடரவேண்டும். சிகிச்சை முடிந்ததும், இன்னாருக்கு இன்ன மருந்தினால் விரல் உணர்ச்சி குறைந்திருக்கிறது, ஆகையால் கிலோக் கணக்கில்லாத வேலை, பிள்ளைக் காம்பராவிலோ நாற்றுமேடையிலோ, முழுப்பேருக்குத் தரப்படவேண்டும் என்று தோட்டத்துக்கு ஒரு கடிதம் போகவேண்டும். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவை தோட்டத்தையும் சார்ந்த பொறுப்பு என்பதை 1912ஆம் ஆண்டு இயற்றிய மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்க, அக்கடிதத்தைக் கருணை மனுவாகக் கொள்வதற்கு எந்தக் கம்பனிக்கும் நியாயமில்லை. அந்தக் கடிதம் எழுதப்படாமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும், மருந்து எடுத்துக்கொண்ட கிலோவுக்காக அவளிடமே அரைச் சம்பளம் அபராதமாகப் பிடிக்கப்படுகிறது.